புகை பழகிய பீப்பா

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இரும்புப் பீப்பா இல்லாத ஊரைக் காண்பது அரிது. உடப்பில் கரைவலை வாடிகளின் ஓரத்தில் நிற்கும். உள்ளே கயிறு சுருண்டு கிடக்கும். பாலாவியில் உப்பளத்துப் பக்கம் கூரை நீரை ஏந்தி நிற்கும். மாதம்பையிலும் மாரவிலயிலும் தென்னந்தோட்ட மூலைகளில், வயிற்றில் வரிசை வரிசையாகத் துளைகளோடு, கரி படிந்து நிற்கும். கற்பிட்டிக் குடாநாட்டில் ஆலங்குடாப் பக்கம் போனால் விடுதி முற்றங்களில் நெடுக்காகப் பிளக்கப்பட்டு, நான்கு கால் ஒட்டப்பட்டு, மேலே கம்பித்தட்டுப் போட்டுக் கிடக்கும். மாலையானால் அதில் பாரையும் கணவாயும் வாட்டுவார்கள். வேலை வேறு வேறு என்றாலும் பொருள் ஒன்றே: 200 லீற்றர் கொள்ளும் அதே உருக்குப் பீப்பா.

இவற்றுள் புதிதாக வந்து சேர்ந்த வேலையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பீப்பாவைப் பிளக்காமல் நிறுத்தி, அடியில் கரி வைத்து, மேலே மூடியிட்டு, மெல்லிய தீயில் மீனையோ இறைச்சியையோ மணிக்கணக்காகப் புகையில் வேகவைக்கும் அடுப்பு அது. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைகளில் பலரும் தாங்களே செய்துகொள்கிறார்கள். சுற்றுலா வளர்ந்தபின் இங்கும் அந்த ஆசை தலைகாட்டுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது பீப்பாவின் முந்தைய வாழ்வுதான் என்னைப் பிடித்து இழுத்தது. தீயைக் காற்றால் ஆளும் வித்தையை இந்தக் கரை வெளியிலிருந்து கற்க வேண்டியதே இல்லை. கரியும் கொப்பராவும் செய்த கைகளுக்கு அது நெடுநாள் பழக்கம்.

பீப்பா பிறந்த இடம் நியூயோர்க்கின் புரூக்ளின். அதுவரை எண்ணெய் மரப் பீப்பாக்களில்தான் போனது. மரம் கசிந்தது, உலர்ந்தால் பிளந்தது. அயன் கிளாட் என்ற உலோகக் கலன் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹென்றி வேர்ஹான் உருக்குப் பீப்பா வடிவமைப்புக்கு 1905 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியவர் தொழிற்சாலையை நடத்திய எலிசபெத் சீமன். கணவர் 1904இல் இறந்தபின் பொறுப்பு அவர் கைக்கு முழுதாக வந்திருந்தது. உலகம் அவரை அறிந்தது நெல்லி பிளை என்ற பத்திரிகைப் பெயரால். 72 நாளில் உலகைச் சுற்றி வந்த பெண் அவர்தான். அந்தப் பயணத்தில், 1889 டிசம்பரில், அடுத்த கப்பலுக்காகக் கொழும்பில் ஐந்து நாள் காத்துக் கிடந்தார். கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கினார். நாள்களை எண்ணிக்கொண்டு ஓடியவருக்கு அந்த ஐந்து நாள் பெரும் துன்பம். பின்னாளில் அவருடைய தொழிற்சாலையில் உருவான பொருள் அதே துறைமுகத்தில் எத்தனை இலட்சம் முறை இறங்கியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வடிவத்தைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா வேலைகளும் அதிலிருந்தே வருகின்றன. உள்விட்டம் ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர், உயரம் 88 சென்ரிமீற்றர். தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். வெறும் பீப்பாவின் எடை 18 முதல் 20 கிலோ. ஒருவர் தனியாகத் தூக்கி வைக்கலாம். உடலைச் சுற்றி வெளியே புடைத்த இரண்டு வளையங்கள் இருக்கும். முழு எடையோடு கிடந்தாலும் அந்த வளையங்களின்மேல் உருட்டிக்கொண்டு போகலாம். கிரேனும் தள்ளுவண்டியும் இல்லாத இறங்குதுறைகளில் அது எவ்வளவு பெரிய வரம் என்று சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும். மேல்மூடியில் இரண்டு திருகுவாய்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஊற்றும்போது சிறியது வழியாகக் காற்று உள்ளே போகும். மூடி முழுதாகக் கழன்று வருகிற, வளையமும் பூட்டும் கொண்ட வகை ஒன்றும் உண்டு. புகையடுப்பு செய்ய நினைப்பவர் தேட வேண்டியது அந்த வகையைத்தான். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் பீப்பாவை உலகெங்கும் சிதறவிட்டது. எரிபொருள் இல்லாத தீவுகளுக்கும் காட்டு ஓடுதளங்களுக்கும் பெற்றோல் பீப்பாக்களில்தான் போனது. போர் முடிந்தபின் வெறும் பீப்பாக்கள் அங்கங்கே நின்றுவிட்டன. கரீபியன் கடலின் திரினிடாட்டில் அவற்றின் மூடியைக் குழிவாகத் தட்டி இசைக்கருவியாக்கினார்கள். நம் புத்தளத்திலும் அந்தப் போரின் தடம் உண்டு. பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இங்கே ‘ராஜாளிய’ என்ற பெயரில் இயங்கியது. ஓடுதளத்தை விட்டு விலகிச் சேற்றில் புதைந்த கோர்செயார் விமானங்களை யானையைக் கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள்.

அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில் பீப்பா இந்நாட்டின் ஒவ்வொரு துயரத்துக்கும் ஓரமாக நின்றது. தார் கொண்டுவந்த பீப்பாக்களில் மண்ணை நிரப்பிச் சோதனைச் சாவடிகளில் குறுக்கே வைத்தார்கள். பேருந்து வளைந்து வளைந்து அவற்றினூடே ஊர்ந்தது நம் தலைமுறைக்கு மறக்காது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள். மணல்மேல் எழுந்த ஓலைக் கொட்டில்களில் தண்ணீரைச் சேர்த்து வைக்க ஒரு பாத்திரம் இருப்பதே பெரிய சொத்தாக இருந்த காலம் அது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு மீனவர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோதும் கலன்கள்தாம் வரிசை பிடித்தன. அந்த ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன.

ஆனால் பீப்பா இங்கே தன் உண்மையான தொழிலைக் கற்றது தென்னையிடம்தான்.

புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் நம் மாவட்டத்து லுணுவிலயில், பண்டிரிப்புவத் தோட்டத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் தேங்காய் உடைபடும் இடமெல்லாம் சிரட்டை குவியும். சிரட்டையைக் கரியாக்கினால் விலை உண்டு. அந்தக் கரியைக் கொதிநீராவியில் மேலும் சுட்டு, நுண்துளைகள் நிறைந்த கிளர்வூட்டிய கரியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். குடிநீரைச் சுத்தமாக்கவும் பொன் சுரங்கங்களில் கரைசலிலிருந்து பொன்னைப் பிடிக்கவும் அது பயன்படுகிறது. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று மாதம்பையில் உள்ளது. ஒரு தொன் சிரட்டைக்கரிக்கு ஏறக்குறைய 20,000 முழுச் சிரட்டைகள் வேண்டும். பெரிய அளவில் செய்பவர்கள் செங்கல் கட்டிய குழிகளில் சுடுகிறார்கள். சிறிய தோட்டக்காரருக்கு வாய்ப்பானது பீப்பா.

பீப்பாவில் கரி சுடுவதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது முழுக்க முழுக்கக் காற்றைக் கணக்குப் பார்க்கும் வேலை. பக்கச் சுவரில் அடியிலிருந்து மேலாக மூன்று வரிசைத் துளைகள் இடுவார்கள். முதலில் அடி வரிசை மட்டும் திறந்திருக்கும். சிறிது சிரட்டையைப் போட்டுத் தீ மூட்டி, அது பற்றிக்கொண்டதும் மேன்மேலும் சிரட்டையைக் கொட்டுவார்கள். அடியில் இருப்பது கனன்று கரியானதும் அந்த வரிசையை அடைத்து நடுவரிசையைத் திறப்பார்கள், பிறகு மேல்வரிசை. சிரட்டை உட்கார உட்கார மேலே இட்டு நிரப்புவார்கள். கடைசியில் எல்லாத் துளைகளையும் அடைத்து, மூடியைப் போட்டு, விளிம்பைக் களிமண்ணால் பூசி விடுவார்கள். காற்று நின்றால் தீ நிற்கும். மறுநாள் ஆறியபின்தான் திறப்பார்கள். சூட்டோடு திறந்தால் ஒரு மூச்சுக் காற்றில் முழுவதும் சாம்பலாகிவிடும்.

எப்போது அடைப்பது என்பதைப் புகைதான் சொல்லும். தொடக்கத்தில் வருவது வெள்ளைப் புகை, கனத்துத் தரையோடு தவழ்வது. சிரட்டையின் ஈரம் வெளியேறுவதன் அடையாளம். பிறகு மஞ்சள் கலந்த, கண்ணை எரிக்கிற புகை. தாரும் காடியும் பிரிந்து வருகின்றன. இறுதியில் புகை மெலிந்து நீலம் பாய்ந்து, பின்னால் நிற்கும் தென்னை தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிடும். அப்போது கரி தயார்.

இங்கேதான் எனக்கு இந்தப் பொருளின்மேல் காதல் வந்தது. புகையடுப்பில் சமைப்பவர் மூடியின்மேல் எதற்காகக் காத்திருக்கிறாரோ, அது இதே நீலப் புகைதான். வெள்ளைப் புகை வரும்போது மீனை உள்ளே வைத்தால் மேலே கசப்பான தார் படியும். புகை மெலிந்து நீலமானபின் வைத்தால்தான் மணம் ஏறும், நிறம் பொன்னாகும். கரிக்காரர் வேலையை முடித்து வீட்டுக்குப் போகும் நேரத்தில் சமையற்காரரின் வேலை தொடங்குகிறது. இருவரும் படிப்பது ஒரே எழுத்து.

கொப்பராச் சூளையிலும் இதற்குத் துணையான பாடம் ஒன்று இருக்கிறது. ‘சிலோன் கொப்பராச் சூளை’ என்று வெளிநாட்டு வேளாண் கையேடுகளிலும் பெயர் பெற்ற அமைப்பு அது. மேலே தட்டில் தேங்காய்ப் பருப்பு, கீழே குழியில் தீ. அந்தத் தீயை மூட்டும் விதம்தான் அழகு. சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீண்ட வரிசைகளாகத் தரையில் அடுக்குவார்கள். முனையில் தீ வைத்தால் அது ஒரு சிரட்டையிலிருந்து அடுத்ததற்கு நிதானமாக நடந்து போகும். பல மணி நேரம், ஒரே சூடு, மிகக் குறைந்த புகை. யாரும் பக்கத்தில் இருந்து ஊத வேண்டியதில்லை. அமெரிக்கப் புகையடுப்புக்காரர்கள் கரித்துண்டுகளைப் பாம்புபோல வளைத்து அடுக்கி ஒரு முனையில் கொளுத்துகிறார்கள். இரவு முழுக்கச் சூடு மாறாமல் இருக்க அவர்கள் கண்ட வழி. கொப்பராத் தொழிலாளி அதைப் பார்த்தால் தன் வரிசையை அடையாளம் கண்டுகொள்வார்.

அப்படியானால் இந்தக் கரையில் மீனைப் புகையில் பதப்படுத்தும் வழக்கம் ஏன் வேரூன்றவில்லை? விடை வெயிலிலும் உப்பிலும் இருக்கிறது. கற்பிட்டி முனையும் பத்தலங்குண்டுத் தீவும் கொளுத்தும் வெயிலும் ஓயாத காற்றும் உள்ள இடங்கள். உப்பு பக்கத்திலேயே விளைகிறது. கருவாடு போட இவற்றைவிட என்ன வேண்டும்? விறகைச் செலவழித்துப் புகைபோட எந்தச் சம்மாட்டிக்கும் தேவை வரவில்லை. புகை உண்ட மீன் வேண்டுமென்றால் மாலைதீவிலிருந்து மாசி வந்தது. சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் கட்டைபோல் இறுகக் காயவைத்த மாசி இல்லாமல் இந்நாட்டில் சம்பல் ஏது?

இந்த இரண்டு கரைகளையும் 1344இல் தன் கண்ணால் கண்ட ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். மொரோக்கோப் பயணி இபுனு பதூதா மாலைதீவில் நீதிபதியாக இருந்தவர். அங்கே மீனை நாலாக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைப்பெட்டியில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதைக் குறித்திருக்கிறார். அது இந்தியா, சீனா, யெமன் வரை போனது என்கிறார். மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் வழிதவறி வந்து ஒதுங்கிய துறை பத்தாளை. அது நம் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அரசர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட அந்தக் கரை நெடுகிலும் ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன என்றும், மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் அரசருக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகத் தந்து அவற்றை ஏற்றிச் சென்றார்கள் என்றும் எழுதுகிறார். புகைக்கும் மீனை ஒரு கரையிலும், புகைக்கு ஏற்ற மரத்தை இன்னொரு கரையிலும் பார்த்த மனிதர். அந்த மரத்துக்கு மீண்டும் வருகிறேன்.

பீப்பாவில் மீன் புகைப்பதில் நெடிய அனுபவம் உள்ளது மேற்கு ஆபிரிக்காவுக்கு. கானாவிலும் செனகலிலும் கரையோரப் பெண்கள் பீப்பாவின் அடியை வெட்டித் திறந்து, விறகு வைத்து, மேலே வலைத்தட்டில் மீனைப் பரப்பினார்கள். விறகு அதிகம் குடித்தது, புகை முகத்தில் அடித்தது, ஒரு தடவையில் கொஞ்ச மீனே வெந்தது. அந்தக் குறைகளைப் பார்த்துத்தான் கானாவின் சொர்கோர் என்ற மீனவர் குடியிருப்பின் பெயரால் மண்ணடுப்பு ஒன்று உருவாகிப் பரவியது. ஆகவே தொழிலுக்காகப் பெருமளவில் மீன் புகைக்க நினைப்பவர் பீப்பாவை நாடக் கூடாது என்பதே என் கருத்து. ஒரு வீட்டுக்கு, ஒரு சிறு விடுதிக்கு, ஒரு விருந்துக்கு அது பொருந்தும். அதற்குமேல் ஏற்றினால் பீப்பாவுக்கும் தாங்காது, புகை குடிக்கும் ஆளுக்கும் தாங்காது.

செய்ய இறங்கினால் முதல் கேள்வி கடையிலேயே கேட்க வேண்டியது: “நானா, இதுக்குள்ள முதல் என்ன இருந்தது?” பதில் தெளிவாக வராவிட்டால் அந்தப் பீப்பாவை விட்டுவிடுங்கள். பூச்சிமருந்தோ தொழிற்சாலை இரசாயனமோ இருந்தது எக்காரணத்துக்கும் ஆகாது. தார்ப் பீப்பாவும் ஆகாது. எவ்வளவு எரித்தாலும் மடிப்புகளில் தார் தங்கும். நாகம் பூசிய தகடு சூட்டில் நச்சு ஆவி விடும், அதுவும் வேண்டாம். தேங்காயெண்ணெய், பழச்சாறு போன்ற உணவுப் பொருள் வந்த பீப்பா கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இந்தத் தென்னை நாட்டில் அது தேடினால் கிடைக்காத பொருளும் அல்ல.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். எரிபொருளோ கரைப்பானோ இருந்த பீப்பா காலியானபின் உள்ளே ஆவி நிற்கும். நிரம்பிய பீப்பாவைவிட இந்த வெறும் பீப்பாவே கொடியது, ஏனென்றால் ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கிரைண்டரோ காஸ் கட்டரோ பட்ட கணத்தில் மூடி பறக்கும். வெல்டிங் வேலை செய்வோர் இப்படி உயிரிழப்பது உலகெங்கும் நடக்கிறது. இரண்டு திருகுவாய்களையும் திறந்துவிட்டு, சவர்க்கார வெந்நீரால் கழுவி, வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிவிட்டே வெட்ட வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் இணங்கக் கூடாது.

பீப்பாவின் உட்புறத்தில் ஒரு பூச்சு இருக்கும், துருப்பிடிக்காமல் காப்பதற்கு. சமைக்குமுன் அது முழுதும் போக வேண்டும். துளைகளை இட்டபின், மூடியைக் கழற்றி வைத்து, காய்ந்த விறகை நிரப்பிப் பெருந்தீ மூட்டுவார்கள். வெளிப்பூச்சு கொப்பளித்து உதிரும், உட்பூச்சு கருகும். குடியிருப்புக்குத் தள்ளி, காற்று ஆளை விட்டு வீசும் திசை பார்த்துச் செய்ய வேண்டும். அந்தப் புகை நல்ல புகை அல்ல. சில பூச்சுகள் தீக்கும் அசையாது. கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரால் உருக்கு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெய் தடவிச் சூடேற்றி ஒரு கருந்தோல் பிடிக்கவைப்பார்கள். நம் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குத்தான் போகும். ஆனால் தேங்காயெண்ணெய் காற்றிலும் சூட்டிலும் எளிதில் இறுகாத எண்ணெய். சோயாவோ சூரியகாந்தியோ விரைவாக இறுகித் தோலாகும்.

அமைப்பு எளிது. அடியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் ஓர் அங்குலத் துளைகள் மூன்று அல்லது நான்கு, சுற்றிலும் சம இடைவெளியில். ஒன்றில் குழாயும் வால்வும், மற்றவற்றில் திருகுமூடிகள். உள்ளே, சாம்பல் விழ இடம் விட்டு, கனத்த கம்பி வலையில் செய்த கரிக்கூடை. கரியிலிருந்து ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் மேலே, உட்சுவரில் பூட்டிய போல்ட்டுகளின்மேல் கம்பித்தட்டு. இந்த இடைவெளியைச் சுருக்கினால் புகைப்பது போய் வாட்டுவதாகிவிடும். மூடியில் அரை அங்குலத் துளைகள் எட்டு, அல்லது ஒரு சிறு புகைபோக்கி. தட்டின் உயரத்தில் ஒரு வெப்பமானி. எல்லாத் துளைகளையும் கூட்டிப் பார்த்தால் கரிச்சூளைப் பீப்பாவில் இருப்பதைவிடக் குறைவு. இங்கே வேண்டியது 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை. கரி சுடும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சூடு ஏறிவிட்டால் இறக்குவது கடினம், ஏறும்போதே பிடிக்க வேண்டும். 90 பாகை வந்ததுமே இரண்டு துளைகளை மூடிவிட்டு வால்வை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்குப் பீப்பா கட்டுப்படும். கற்பிட்டியில் இதற்கு ஒரு சோதனை கூடவே உண்டு. மே முதல் ஒக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, பட்டம் கட்டிக் கடலில் சறுக்குவோரை உலகெங்கிலுமிருந்து இழுத்து வரும் அதே காற்று, திறந்த துளைக்குள் புகுந்தால் அடுப்பு ஊதுலையாகிவிடும். ஆகவே கிடுகு வேலிக்குப் பின்னால் நிறுத்துவதும், காற்று நுழையும் குழாயை வளைத்து மேல்நோக்கி விடுவதும் இங்கே அவசியம். அதே காற்று இன்னொரு விதத்தில் உதவும். உப்புநீரில் ஊறிய மீனைத் துடைத்து நிழலில் காற்றுக்கு வைத்தால், தொட்டால் ஒட்டுகிற மெல்லிய தோல் மேலே படரும். அந்தத் தோலில்தான் புகை பிடிக்கும். ஈர மீனில் புகை வழிந்து ஓடிவிடும்.

எரிக்கச் சிரட்டைக்கரி போதும், அது இந்த மண்ணின் பொருள். சாம்பல் குறைவு, சூடு அதிகம். ஆனால் சிறு சிறு ஓடுகளாக நெருங்கிப் படிந்து காற்றை அடைக்கும். கூடையில் இடையிடையே பெரிய மரக்கரித் துண்டுகளைக் கலந்தால் சீராக எரியும். நன்றாகச் சுட்ட கரியில் புகை இராது. புகைக்கு மரம் வேண்டும், அதுவும் கையளவு துண்டுகள் நான்கைந்து போதும். கொய்யா, மா இரண்டும் நல்லவை. வேம்பு கசக்கும். பொச்சுமட்டை மிகையாகப் புகைந்து காரல் ஏற்றும். எனக்குப் பிடித்தது கறுவா மரம்: பட்டை உரித்தபின் விறகுக்கு என்று மலிவாகப் போகிற அந்தத் தடிகள். இபுனு பதூதா இக்கரையில் குவியலாகக் கண்ட மரம் இன்று மீனுக்கு இனிய, மெல்லிய மணம் தருகிறது.

ஒரு மரத்தைத் தொடவே கூடாது. மேற்கு ஆபிரிக்காவில் மீன் புகைக்கக் கண்டல் காடுகளைப் பெருமளவில் அழித்தார்கள். புத்தளம் களப்பின் கண்டல் இறால் பண்ணைகளுக்கு இழந்தது ஏற்கெனவே போதும். 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் காப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டலுக்கென்றே ஒரு காட்சியகம் திறந்தார்கள். களப்பில் மீன் பெருகுவது அந்த வேர்களுக்கிடையில்தான். அதை வெட்டி அதன் மீனையே புகைப்பது பெரும் பாவம்.

மீன் என்றால் அறுக்குளா, பாரை, சீலா, சூரை, எதுவும் ஆகும். சூரைக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். படகிலிருந்தே ஐஸில் வராத சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேர்ந்துவிடும். எவ்வளவு புகையிட்டாலும் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. தடித்த பகுதியின் நடுவே 63 பாகை வந்து அரை மணி நேரம் நிற்க வேண்டும். கொழுப்பு நேரே தணலில் சொட்டினால் எழும் புகையில் புற்றுநோய்க்கு வழிசெய்யும் சேர்மங்கள் உண்டாகும். புகையிட்ட மீனில் பென்சோபைரீன் என்ற சேர்மத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. தணலுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு தகட்டுத் தட்டை வைத்துச் சொட்டை ஏந்திக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

இவ்வளவும் செய்த பீப்பா எத்தனை காலம் இருக்கும்? உள்நாட்டில் நெடுநாள் இருக்கும். உப்புக்காற்றில் அப்படி இராது. சாம்பல் ஈரம் குடிக்கும்; ஒவ்வொரு தடவையும் ஆறியபின் கொட்டாவிட்டால் அடித்தகடு உள்ளிருந்தே அரிக்கும். கூரையின்கீழ் வைத்து, செங்கல்மேல் தூக்கி நிறுத்தி, எண்ணெய் தடவி வந்தால் சில ஆண்டு கூடும். ஒருநாள் அடிவளையத்துக்கு மேலே விரல் வைத்தால் உள்ளே போகும். காற்று நினைத்த இடத்தில் நுழையத் தொடங்கிவிட்டால் அதை ஆள முடியாது. அப்போது கரிக்கூடை, கம்பித்தட்டு, வால்வு, வெப்பமானி, மூடி ஆகியவற்றைக் கழற்றி அடுத்த பீப்பாவில் பூட்டிக்கொள்ளலாம்; விட்டம் எங்கும் ஒன்றே என்பதால் எல்லாம் பொருந்தும். மிஞ்சிய உருக்கைப் பழைய இரும்பு எடுப்பவர் நிறுத்து ஏற்றிக்கொண்டு போவார்.